குக்கரை நிறுத்தியது யார்?

அன்புள்ள அத்தைக்கு,

இல்லை, உங்களைப் படத்துக்கு அழைத்துப் போனது டிக்கெட் மிச்சமாக இருந்ததால் அல்ல. பிரபுவின் நண்பர்கள் கடைசி நேரத்தில் வரவில்லை என்று நான் சொன்னது பொய். அந்த இரண்டு டிக்கெட்டையும் நமக்காகவே எடுத்தேன். உங்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

அந்தப் படத்தில் நீங்கள் உங்களைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். கல்யாணமாகி நான்கு வருடம் வாயால் சொல்ல முடியாத ஒன்றை மூன்று மணி நேரத்தில் ஒரு இந்திப் படம் சொல்லிவிடும் என்று நம்பினேன். உங்களுக்கு அது தெரிந்திருந்ததா? நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்.

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. இப்போது ஒருவர் என்னிடம் ஒரு பதில் கேட்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அந்தப் படத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரை, உங்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரை, ஒரு புத்தகத்தில் வரப் போகிறது. வரட்டும் என்று நான் சொன்னால். அதனால்தான் இந்தக் கடிதம். உங்களிடம் பேசாமல் அந்தப் பதிலைச் சொல்ல முடியவில்லை.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். அதை அழகாக்க விரும்பவில்லை.

எங்கள் விஷ்ராந்த்வாடி வீட்டுக்கு நீங்கள் வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிய கையோடு ஃபிரிட்ஜைத் திறப்பீர்கள். எதுவும் சொல்ல மாட்டீர்கள். அடுக்கியதை எடுத்து வேறு மாதிரி அடுக்குவீர்கள். பிறகு உங்கள் மகன் பிரபுவைப் பார்த்து, "எளச்சுப் போயிட்ட கண்ணு" என்பீர்கள். சொல்வது அவனிடம், பார்வை என் பக்கம். ஒருமுறை என் அலமாரித் தட்டில் விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டு, "ரெண்டு பேரும் வேலைக்குப் போனா ஊடு இப்படித்தான் இருக்கும். பரவால்ல" என்றீர்கள். அந்தப் 'பரவால்ல'வை நான் ஒரு வாரம் மென்றேன். பிரபுவிடம் சொன்னால், "சோடோ நா, அம்மா அப்படித்தான்" என்பான். விட்டுவிடு என்று சொல்ல அவனுக்குத் தமிழில் வராது. இந்தியில்தான் வரும்.

அதனால் படத்துக்கு அழைத்துப் போனேன்.

படம் உங்களுக்கு நினைவிருக்கும். கட்டடக் கலை படித்த பெண். டெல்லியில் பெரிய வீடு. கணவன் வக்கீல், நீதிமன்றத்தில் பெண்களுக்காக வாதாடுகிறவன், வீட்டில் தண்ணீர் எடுத்துக் குடிக்கத் தெரியாதவன். மாமனார் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஜோக் அடிப்பார். மாமியார் எண்ணிக்கொண்டே இருப்பார். சப்பாத்திகளை, கரண்டிகளை, மருமகள் தூங்கி எழுந்த மணியை. தீபாவளி விருந்தன்று வீடு நிறைய ஆட்கள். மருமகள் கையைத் துடைத்துத் துணியை மேடைமேல் வைக்கிறாள். நடக்கிறாள். பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது. ஒன்று. இரண்டு. மூன்று. அந்த விசிலையே தாளமாக எடுத்துக்கொண்டு பாட்டு தொடங்குகிறது. கார். நெடுஞ்சாலை. காற்றில் முடி.

அரங்கமே எழுந்து நின்றது. நானும் நின்றேன். கை தட்டினேன். அழுதேன்கூட. நீங்கள் உட்கார்ந்தே இருந்தீர்கள்.

வெளியே ஆட்டோவுக்காக நின்றபோது ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"அந்தக் குக்கர ஆரு நிறுத்துனாங்க, அம்மணி?"

"அத்தை, கதை அது இல்ல."

"செரி," என்றீர்கள். போகிற வழியில் பால் வாங்க வேண்டும் என்றீர்கள். வாங்கினோம்.

அன்று வீட்டுக்கு வந்து பிரபுவிடம் உங்கள் கேள்வியைச் சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். அம்மாவின் உலகமே அடுப்படிதான் என்றான். நான் மறுக்கவில்லை. அடுத்த நாள் காலை உட்கார்ந்து கட்டுரையை எழுதினேன். ஒரே மூச்சில். ஒரு சிற்றிதழ் உடனே போட்டது. படித்தவர்கள் எல்லாரும் ஒரே இடத்தை மேற்கோள் காட்டினார்கள்:

'அவள் வாசலைத் தாண்டிய அந்த நொடியில், என் பக்கத்து இருக்கையில் ஒரு மாமியார் கண்களை மூடிக்கொண்டார். திரையைப் பார்க்க முடியாமல் அல்ல. கண்ணாடியைப் பார்க்க முடியாமல்.'

நல்ல வாக்கியம். இன்றும் சொல்வேன், நல்ல வாக்கியம்தான். எனக்கு ஒரு பெயர் வாங்கித் தந்த வாக்கியம்.

இதழை நிக்டியில் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது நான் அல்ல, பிரபு. அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே பெருமையாகக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்தான். நான் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்றேன். நீங்கள் சாப்பாட்டு மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தீர்கள். கையைப் புடவையில் துடைத்துக் கண்ணாடியைப் போட்டு முழுவதும் வாசித்தீர்கள். கடைசிப் பக்கம் வரை. பிறகு மறுபடி ஒரு பக்கத்தைப் புரட்டினீர்கள்.

"நல்லா எழுதியிருக்க. ஆனா நான் கண்ண மூடவே இல்லயே."

"ஒரு இதுக்கு அப்படி எழுதுறது அத்தை."

"எதுக்கு?"

 அந்த 'எதுக்கு'க்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

நீங்கள் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. பட்டாணியை மறுபடி இழுத்துக்கொண்டு, அந்த நேரம் குக்கரைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னீர்கள். பிறகு உங்கள் கம்பெனிக் கதையைத் தொடங்கினீர்கள். மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றுகிற பிரிவு. நாற்பது பெஞ்சு, நாற்பது பெண்கள். மராத்தி, கன்னடம், நம் ஆட்கள். நீங்கள் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த இடம். மிஷின் ஓடும்போது எழுந்தால் கம்பி சிக்கிக்கொள்ளும். அதனால் எழக் கூடாது. நான்கு மணி நேரம், கழிப்பறைக்குக்கூட. மாற்றி உட்கார ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டபோது சூப்பர்வைசர் சிரித்தானாம். தண்ணி கம்மியாகக் குடியுங்கள் என்றானாம்.

முதலில் ஒருத்தி கோபத்தில் எழுந்து போயிருக்கிறாள். மிஷினை ஓடவிட்டு. அடுத்த நிமிடமே அந்த பெஞ்சில் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண்ணை உட்கார வைத்துவிட்டார்கள். போனவள் போனவள்தான். அப்புறம் ஒரு மாதம் நீங்கள் எல்லாரும் பேசிக்கொண்டீர்கள். ஒரு காலை, பத்து மணிக்கு, நாற்பது பேரும் ஒன்றாக சுவிட்சை அணைத்தீர்கள். அணைத்துவிட்டு எழுந்தீர்கள். எங்கும் போகவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்றீர்கள்.

அப்போது நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இந்த முறை ஒரு சொல்லைக்கூட நான் திருத்தவில்லை.

"ஓட விட்டுப்போட்டு எந்திரிச்சுப் போனா, இன்னொருத்தியக் கொண்டாந்து உக்கார வெச்சுருவான். நிறுத்திப்போட்டு எந்திரிக்கோணும். அப்பத்தான் மேனேஜரு மாடிய உட்டுக் கீழ எறங்கி வருவான்."

பிறகு படத்துக்கு வந்தீர்கள். "அந்தப் புள்ள போனது தப்புன்னு நான் சொல்லல. போகட்டும். ஆனா குக்கரு ஓடிட்டே இருக்குது பாரு. அந்தக் கெழவிதான் வந்து நிறுத்தியிருப்பா. அவளேதான் அத்தன பேருக்கும் பரிமாறியிருப்பா. வக்கீலு கைய நீட்டிட்டு உக்காந்திருப்பான்."

நான் "ம்" என்றேன். அத்தை, நான் அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ என் கட்டுரையைப் பகிர்ந்திருந்தார்கள்.

இதைத்தான் சொல்ல வந்தேன். நான் எழுதிய இரண்டாயிரம் சொற்களில் இல்லாத ஒன்று உங்கள் சில வாக்கியங்களில் இருந்தது. அந்தப் படத்தைப் பெண்ணியப் படம் என்று நாடே கொண்டாடியது. நானும் கொண்டாடினேன். அது ஒரு பெண் வெளியேறிய படம். அவ்வளவுதான். அந்த வீடு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. விருந்து நடந்திருக்கும். யாரோ பரிமாறியிருப்பார்கள். யாரோ எண்ணெய்ப் பாத்திரங்களைத் தேய்த்திருப்பார்கள். காமிரா அந்த நிமிடம் காருக்குள் ஏறிக்கொண்டது.

அவள் போனது சரி. இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவள் திரும்பி வந்து அடுப்பை அணைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காமிரா திரும்பி வந்திருக்க வேண்டும். ஒரே ஒரு நிமிடம்.

இப்போது எனக்கு வேறு விஷயங்களும் தெரிகின்றன. அந்தப் படத்தின் கொடுமையான வசனங்கள் எல்லாம் மாமியாருக்கு. ஒன்றுவிடாமல். கணவனுக்குக் கண்ணீர் கொடுத்தார்கள், மாமனாருக்கு ஜோக். ஆண்கள் அந்த வீட்டில் குடியிருந்தார்கள், குற்றம் செய்தது ஒரு கிழவி மட்டும். அரங்கில் ஆண்களும் எழுந்து நின்று கை தட்டினார்களே, ஏன் என்று நான் யோசிக்கவே இல்லை. அவர்களுக்கு அதில் எந்தச் சிரமமும் இல்லை. தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவ ஏரவாடாவிலிருந்து வருகிற சவிதா தாயியை உங்களுக்குத் தெரியும். நீங்கள் இருவரும் மராத்தியில் என்னைப் பற்றிப் பேசுவீர்கள் என்றும் எனக்குத் தெரியும். போன மாதம் அவர் அந்தப் படத்தை மகளின் போனில் பார்த்திருக்கிறார். பாட்டு நன்றாக இருந்ததாம். ஒன்றுதான் புரியவில்லையாம். அவ்வளவு பெரிய வீட்டில் வேலைக்கு ஓர் ஆள்கூட இல்லையா என்று கேட்டார். இந்தியில், சிங்க்கில் கையை வைத்தபடியே. நான் படத்தின் கடைசிக் காட்சியை நினைத்தேன். கதாநாயகிக்குக் கண்ணாடிச் சுவர் வைத்த சொந்த அலுவலகம். மேசையில் ஒரு கை தேநீரை வைத்துவிட்டுப் போகிறது. வளையல் போட்ட கை. முகம் இல்லை.

என் கட்டுரையை நான் ஒரே மூச்சில் எழுதிய காலையிலும் சவிதா தாயி அந்த சிங்க்கில்தான் நின்றார். அதையும் நான் எழுதவில்லை.

சரி, வீட்டுச் செய்தி.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள், நிக்டி வீட்டில் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த உங்கள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் இந்த அடுப்படி உன்னுது சாமி என்றார். அன்பாகத்தான் சொன்னார். மாமாவை எங்களோடு விஷ்ராந்த்வாடிக்கு அழைத்துப் போகலாம் என்றான் பிரபு. அவனும் அன்பாகத்தான் சொன்னான். "அப்பாக்கு இங்க யாரு சமைப்பா?" என்று கேட்டுவிட்டு அவன் பார்த்தது என்னை.

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானே ஆக்கிக்குவேன்."

"அப்பா, சும்மா இருங்க. உங்களுக்கு வெந்நீர்கூட வெக்கத் தெரியாது."

"மூணு வருசம் ஆக்குனவன்தாண்டா நானு. நீ ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்ப உங்கம்மாளுக்கு செகண்ட் ஷிப்டு. மத்தியானம் போனா ராத்திரி பதினொண்ணுக்குத்தான் வருவா. உனக்கு யாரு ரசம் வெச்சான்னு நெனச்ச?"

"அம்மா வெச்சுட்டுப் போவாங்கன்னு..."

"நாந்தான் அப்படிச் சொன்னேன்."

அத்தை, உங்கள் மகனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முப்பத்தொரு வயதில் ஒரு ரசம் இடம் மாறியது. 'அம்மா கை ரசம்' என்று என்னிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறான். என் ரசத்தை எத்தனை முறை அதோடு ஒப்பிட்டிருக்கிறான்.

மாமா பிறகு மெதுவாக மீதியையும் சொன்னார். ஐந்தரை மணிக்கு வேலை விட்டு வந்து, பிரபு டியூஷனுக்குப் போன பின், சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைப்பாராம். தாளிக்கிற சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் காம்ப்ளே எட்டிப் பார்த்துவிடக் கூடாது. ஒரே கம்பெனி, ஒரே பிரிவு. மறுநாள் கேண்டீனில் பேச்சாகிவிடும். பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்பார்கள். பையன் வெளியே சொல்லிவிடுவான், அதனால் பையனிடமும் சொல்லவில்லை. நீங்கள் இதற்கு ஒத்துக்கொண்டீர்களாம். அடுப்பை ஏற்றுக்கொண்டாரே, அது போதும் என்றீர்களாம்.

இங்கேதான் உங்களிடம் எனக்குச் சண்டை.

நாற்பது பேரை எழுப்பி நிறுத்தியவர் நீங்கள். வீட்டிலும் அடுப்பை அவர் கையில் கொடுத்திருக்கிறீர்கள். அந்தக் காலத்தில், அந்தக் காலனியில். பிறகு ஏன் ஜன்னலைச் சாத்த விட்டீர்கள்? ஓர் ஆண் சமைத்த மூன்று வருடத்தை நீங்கள் இருவரும் சேர்ந்து அழித்தீர்கள். அந்தப் படம் செய்ததைத்தானே நீங்களும் செய்தீர்கள்? வேலை நடந்தது, செய்த கை மட்டும் படத்தில் இல்லை. அந்த ரசத்தை ஒரு பெண் வைத்தாள் என்று நம்பி வளர்ந்தவனைத்தான் எனக்குக் கட்டிவைத்தீர்கள். அலமாரித் தட்டில் அந்த விரலை என் பக்கம் நீட்டாமல் அவன் பக்கம் நீட்டியிருக்கலாமே.

ஏன் சொல்லவில்லை? மாமாவின் மானமா? மூன்று வருடம் நீங்கள் சமைக்கவில்லை என்று மகனுக்குத் தெரியக் கூடாது என்றா? நல்ல அம்மா என்ற பெயர் உங்களுக்கும் வேண்டியிருந்ததா? அப்படியென்றால் எனக்குப் புரியும். எனக்கும் ஒரு நல்ல வாக்கியம் வேண்டியிருந்தது.

மாமா நிக்டியிலேயே இருக்கிறார். ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைக்கிறாரா என்று கேட்க எனக்குக் கூச்சம். ஆனால் போன ஞாயிறு போனபோது கொள்ளு ரசம் வைத்திருந்தார். உப்பு கூடுதல். காம்ப்ளேக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார், யார் வைத்தது என்று சொல்லியே.

நாங்கள் அவ்வளவு சுலபமாக இல்லை. உங்கள் மகன் ஒரு சனிக்கிழமை அப்பாவிடம் கற்றுக்கொள்ளப் போனான். பருப்புக்குத் தண்ணீர் அளவில் சண்டை வந்து திரும்பிவிட்டான். அடுத்த வாரம் அலுவலக வேலை என்றான். அதற்கடுத்த திங்கள் காலை நான் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. சவிதா தாயிக்கு ஒரு வாரம் லீவு கொடுத்தேன், சம்பளத்தோடு. கோபித்துக்கொள்ளவில்லை, அம்மா வீட்டுக்குப் போகவில்லை, கதவைச் சாத்தவில்லை. கூடத்தில் உட்கார்ந்து புத்தகம் படித்தேன். பிரபு ஆறு நாள் வெளியே வாங்கிச் சாப்பிட்டான். இரண்டு நாள் பேசவில்லை. ஏழாம் நாள் கையில் அரிசிப் பாத்திரத்தோடு வந்து, இதுக்கு எவ்வளவு தண்ணி என்றான். மாமாவைக் கேள் என்றேன். கேட்டான். சோறு குழைந்துவிட்டது. சாப்பிட்டோம். இப்போது வாரத்தில் மூன்று நாள் அவனுடையது. எவ்வளவு நாள் தாங்கும் என்று தெரியாது. மறுபடி நிறுத்த எனக்குத் தெரியும்.

இனி புத்தகம்.

பதிப்பாசிரியர் ரேவதி நல்ல மனுஷி. சினிமாவைப் பற்றிப் பெண்கள் எழுதிய கட்டுரைகளைத் தொகுக்கிறார். நான் வாசித்து வளர்ந்த பெயர்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அவர்களுக்கு நடுவில் நான். போனில் பேசியபோது நீங்கள் இறந்துபோனதைச் சொன்னேன். அந்தப் பகுதியை மாற்ற வேண்டும் என்றும், நீங்கள் கண்ணை மூடவில்லை என்றும் சொன்னேன். அதற்கு ரேவதி சொன்னது இதுதான்.

"சங்கரி, கட்டுரையே அந்த வரிதான். அத எடுத்துட்டா என்ன இருக்கு? அவங்களும் இப்ப இல்ல. யாருக்கும் சங்கடம் இல்லப்பா."

கடைசி வாக்கியத்தை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். யாருக்கும் சங்கடம் இல்லை. ஆம். இனி நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்து, மூடவே இல்லயே என்று சொல்ல முடியாது. அந்தப் புத்தகத்தில் நீங்கள் அச்சாகிக் கண்ணை மூடியபடியே இருப்பீர்கள். இருபது வருடம் கழித்து ஏதோ ஒரு கல்லூரியில் ஒரு பெண் அந்த வரியின் கீழே கோடு போடுவாள். நானே அப்படி எத்தனை வரிகளின் கீழே கோடு போட்டிருக்கிறேன். அந்த மாமியார்களிடம் யாராவது கேட்டார்களா?

வேறு கட்டுரை எழுதித் தருகிறேன் என்றேன். நேரமில்லை, இதுவா இல்லையா என்று வெள்ளிக்குள் சொல் என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். அச்சுக்குப் போக வேண்டும்.

நான்கு நாள் யோசித்தேன் என்று சொன்னால் பெருமையாக இருக்கும். உண்மையில் இரண்டு நாள் அடிக்குறிப்பு ஒன்று எழுதிப் பார்த்தேன். 'பின்னர் அவர் இதை மறுத்தார்' என்று. வாசித்துப் பார்த்தேன். குற்றவாளி மறுத்தது போல இருந்தது. அழித்தேன்.

அதனால் அத்தை, ஒரு வாக்குத் தருகிறேன். அந்த வரி இனி என் பெயரில் எங்கும் அச்சாகாது. உங்களைப் பற்றி மறுபடி எழுதினால் நீங்கள் பார்த்ததை எழுதுவேன், நான் பார்க்க விரும்பியதை அல்ல. உங்களை நல்லவராக்க மாட்டேன். அந்த விரலையும் எழுதுவேன், நாற்பது சுவிட்சுகளையும் எழுதுவேன், மாமா வைத்த ரசத்தை நீங்கள் உங்கள் கணக்கில் விட்டுக்கொண்டதையும் எழுதுவேன்.

என்றும் உங்களோடு சண்டைக்கு நிற்கும்,
உங்கள் மருமகள்
சங்கரி

வெள்ளிக்கிழமை காலை அலுவலகம் கிளம்புவதற்கு முன் ரேவதிக்கு எழுதினேன், கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று. காரணம் கேட்டார். இந்தக் கடிதத்தை அனுப்பினேன்.